3,772 டாலர் வாங்கினால் நான்கு ஆண்டு: டீச் கிராண்டில் கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். நானும் கணவரும் இன்னும் எச்-1பியில்தான் இருக்கிறோம், மகள் இங்கேயே பிறந்தவள். டீச்சர் வேலைக்குத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாகச் சேர்ந்து முதல் ஆண்டை முடித்துவிட்டாள், ஜி.பி.ஏ 3.4. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தான் அவளுக்கு ஆசை. இப்போது கல்லூரியிலிருந்து வந்த உதவித்தொகைக் கடிதத்தில் ‘டீச் கிராண்ட், 3,772 டாலர்’ என்று ஒரு வரி இருக்கிறது. கிராண்ட் என்றால் இலவசம்தானே, போடச் சொல்லு கையெழுத்தை என்கிறார் கணவர். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்க்காவிட்டால் அது கடனாகிவிடும் என்கிறாள் மகள். நாளைக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போனால் என்ன ஆகும்? நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அவள் எடுக்கும் வகுப்பைக் கணக்கில் சேர்ப்பார்களா? எங்கள் விசா இதில் எங்காவது இடிக்குமா? அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

பதில்:

வணக்கம். கல்லூரி உதவித்தொகை அலுவலகத்தில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மகள் சொல்வதுதான் சரி. கணவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை அவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் விசா இதில் எங்கும் இடிக்காது. மகள் அமெரிக்கக் குடிமகள், தகுதி அவளுடையது. மத்திய அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தில் உங்கள் வருமானத்தைக் கேட்பார்கள், அவ்வளவுதான். அதிலும் டீச் கிராண்டுக்கு வருமான வரம்பே கிடையாது, அதனால்தான் வேறு எந்த உதவியும் கிடைக்காத குடும்பங்களின் கடிதத்தில்கூட இந்த வரி எட்டிப் பார்க்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி கணக்கில் வராது. முழுநேர ஆசிரியராக, குறைந்த வருமானப் பள்ளிகளின் பட்டியலில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ இருக்க வேண்டும். தமிழ்ப் பள்ளியில் அவள் எடுக்கும் வகுப்பு அவளுக்கு நல்ல பயிற்சி, அந்த அளவில் தொடரட்டும்.

கல்யாண விஷயம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் உதவித்தொகைக் கடிதத்தில் கல்யாணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நாக்கு துடிக்கிறது, ஆனால் கேள்வி நியாயமானதுதான், ஊர் மாறுவது யாருக்கும் நடக்கும். இது மத்திய அரசின் திட்டம், அதனால் எந்த மாநிலத்தில் வேலை பார்த்தாலும் செல்லும். டெக்சஸ் போனால் டெக்சஸின் ஆசிரியர் லைசென்ஸை வாங்கிக்கொண்டு அங்கே ஒரு பட்டியல் பள்ளியில் சேரலாம். படிப்பை முடித்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டு, அவை தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டியதில்லை. பிரசவம், குடும்பத்தில் யாருக்காவது கடுமையான நோய், மேற்படிப்பு மாதிரியான காரணங்களுக்கு எட்டு ஆண்டுக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கவும் மனுப் போடலாம், மொத்தம் மூன்று ஆண்டு வரை. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் அங்கே எடுக்கும் வகுப்பு எதுவும் சேராது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இது 2007-ல் வந்த சட்டம், மறு கல்வியாண்டிலிருந்து பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சட்டப்படி ஆண்டுக்கு 4,000 டாலர். மத்திய பட்ஜெட் வெட்டில் 5.7 சதவீதம் போய் 3,772 ஆக நிற்கிறது, உங்கள் கடிதத்தில் இருக்கும் முழுதாகாத எண்ணுக்கு அதுதான் காரணம். நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிறவர்கள் பாண்டு எழுதிக் கொடுப்பார்களே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பாண்டு என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள், இங்கே கிராண்ட் என்று பெயர் வைத்துவிட்டு, பணத்தை வாங்குவதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு கவுன்சலிங், அப்புறம் ‘வேலை செய், இல்லையேல் திருப்பிக் கட்டு’ என்கிற ஒப்பந்தம், இரண்டையும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிக்க வைக்கிறார்கள். பிள்ளைகள் அதை செல்போன் ஆப்பின் விதிமுறைகளைத் தாண்டுகிற வேகத்தில் கடந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும்: முழுநேர வேலை, பட்டியலில் உள்ள பள்ளி, அப்புறம் ஆள் பற்றாக்குறை உள்ள பாடம். பள்ளியைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், நீங்களும்தான். உண்மையில் அதற்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பட்டியலில் வர, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும், எங்கோ கிராமத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்றில்லை. மத்திய மாணவர் உதவி இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது, மாநிலத்தையும் ஆண்டையும் கொடுத்து வேக் கவுன்ட்டியைத் தேடிப் பாருங்கள், ராலி டர்ஹம் பக்கம் நீங்கள் தினமும் காரில் கடந்து போகிற பள்ளிகள்கூட அதில் இருக்கும். இன்னொரு நல்ல விதியும் உண்டு: வேலையில் சேரும் ஆண்டில் பள்ளி பட்டியலில் இருந்தால் போதும், பின்னால் பட்டியலிலிருந்து விழுந்தாலும் அதே பள்ளியில் தொடரும் ஆண்டுகள் எண்ணிக்கையில் சேரும்.

உங்கள் மகளுக்கு இடிப்பது மூன்றாவது நிபந்தனை. உங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

பற்றாக்குறைப் பாடங்கள் என்று சட்டத்திலேயே இருப்பவை இவை: கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி, அயல்மொழி, வாசிப்புக்கான தனி ஆசிரியர், ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான இ.எஸ்.எல் மற்றும் இருமொழிக் கல்வி. இவை போக, மத்தியக் கல்வித்துறை ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் அந்தந்த மாநிலத்துக்கு எந்தப் பாடம் இருக்கிறதோ அதுவும் சேரும். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்கும் வகுப்பாசிரியர் வேலை சட்டத்தில் இருக்கும் இந்த வரிசையில் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளே என்றால் அதுவும் போதாது, அவள் எடுக்கும் வகுப்புகளில் பாதிக்கு மேல் பற்றாக்குறைப் பாடமாக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் கல்லூரி எப்படி இவளுக்கு இதைக் கொடுத்தது? நல்ல கேள்வி, என் மேசைக்கு முன்னால் பல பேர் இதைக் குரல் உயர்த்திக் கேட்டிருக்கிறார்கள். கல்லூரி பார்ப்பது அவள் சேர்ந்திருக்கும் படிப்பு தகுதியான படிப்பா, ஜி.பி.ஏ 3.25-க்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை. நாளைக்கு அவள் எந்த வகுப்பறையில் நிற்பாள் என்பது கல்லூரியின் கவலையில்லை, அது அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பாடு. இந்த இடைவெளியில்தான் நிறைய பேர் விழுகிறார்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே போட்டுவிடுகிறேன். அவளுக்கு இன்னும் மூன்று ஆண்டு படிப்பு இருக்கிறது, மூன்று ஆண்டும் வாங்கினால் 11,316 டாலர். பட்டம் வாங்கி நான்கு ஆண்டு ஆகியும் தகுதியான வேலையே கிடைக்கவில்லை என்றால் மீதியிருக்கும் காலத்துக்குள் கடமையை முடிக்க முடியாது, அந்தக் கட்டத்தில் முழுத் தொகையும் மானியமில்லாத, அதாவது வட்டியை அரசு ஏற்காத, கல்விக் கடனாக மாறும். வட்டி மாறிய நாளிலிருந்து ஓடாது. முதல் செமஸ்டரில் பணம் கைக்கு வந்த தேதியிலிருந்தே ஓடியிருக்கும். வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 3,700 டாலர் சொச்சம் ஏறியிருக்கும், ஆக மொத்தம் 15,000-ஐத் தொடும். ஒருமுறை கடனாக மாறிவிட்டால், அவர்கள் தவறாக மாற்றியிருந்தால் ஒழிய, மறுபடி கிராண்ட் ஆகாது.

பாதிக் கணக்கும் கிடையாது. மூன்று ஆண்டு முழுசாக வேலை பார்த்துவிட்டு நான்காவது ஆண்டை முடிக்க முடியாமல் போனாலும் ஒரு டாலர் தள்ளுபடி இல்லை, முழுத் தொகையும் வட்டியோடு கடன்தான். உங்கள் மாநிலத்தின் டீச்சிங் ஃபெலோஸ் திட்டம் இந்த விஷயத்தில் மனசாட்சியோடு நடந்துகொள்கிறது. அதைப் பெயரிலேயே கடன் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள், பின்தங்கிய பள்ளியில் ஓராண்டு வேலைக்கு ஓராண்டுக் கடன் கழியும், மற்ற அரசுப் பள்ளி என்றால் இரண்டு ஆண்டுக்கு ஓராண்டுக் கடன் கழியும். குறிப்பிட்ட சில கல்லூரிகளில்தான் அது உண்டு, வேலையும் வட கரோலினாவுக்குள்ளேயே பார்க்க வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி அதில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

இன்னொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கணவர் கேட்காவிட்டாலும். இந்த நான்கு ஆண்டு என்பது எத்தனை ஆண்டு பணம் வாங்கினாலும் அதே நான்கு ஆண்டுதான். நான்கு வருடமும் வாங்கி 15,088 டாலர் பெற்றவளுக்கும் நான்கு ஆண்டு வேலை, ஒரே ஒரு வருடம் 3,772 வாங்கிவிட்டு வேண்டாம் என்று நிறுத்தியவளுக்கும் நான்கு ஆண்டு வேலை. பிந்தையவளுக்கு ஓராண்டு வேலைக்கு 943 டாலர்தான் விழுகிறது. ‘இந்த ஒரு வருஷம் மட்டும் வாங்கிப் பார்க்கலாம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்’ என்று யோசிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு இது மோசடித் திட்டம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1994-ல் உங்கள் மாநிலத்தின் ஹோக், ஹாலிஃபேக்ஸ், ராபிசன் போன்ற ஏழைக் கவுன்ட்டிகளின் பெற்றோரும் பள்ளி வாரியங்களும் எங்கள் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வியே சரியாகக் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள், லியாண்ட்ரோ வழக்கு என்று சொல்வார்கள், அது எத்தனையோ ஆண்டுகளுக்கு இழுத்தது. அந்த மாதிரி இடங்களுக்குக் கணக்கு டீச்சரைக் கொண்டுவரத்தான் இப்படிப்பட்ட உதவித்தொகைகள் இருக்கின்றன. அந்த வேலைக்கே போகப்போகிறவளுக்கு இது அருமையான பணம். போவாளோ மாட்டாளோ என்று இருக்கிறவளுக்குத்தான் ஆபத்து.

ஆனால் இதை நடத்திய விதத்தைப் பற்றி என் வயிற்றெரிச்சலைக் கொட்டாமல் இருக்க முடியாது. 2016 கோடைக்காலம், எங்கள் பழைய மாணவி ஒருவர் பழுப்பு நிற உறை ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கணக்கு டீச்சர், பட்டியல் பள்ளி, எல்லாம் பக்கா, இரண்டு ஆண்டு முடிந்திருந்தது. அந்த ஆண்டுக்கான சான்றுப் படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பக்கத்தில் தேதி போடவில்லை. அந்தக் கட்டம் காலி. கடனைப் பராமரிக்கும் நிறுவனம் படிவத்தைத் திருப்பி அனுப்ப, தேதி போட்டு மறுபடி அனுப்புவதற்குள் கெடு தாண்டிவிட்டது. கிராண்ட் முழுவதும் கடனாகிவிட்டது, வட்டியோடு. போனில் கேட்டால் ‘விதி அப்படித்தான் மேடம்’. நானும் மூன்று நாள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவர் வேலையை விடவில்லை, வகுப்பெடுத்துக்கொண்டே கடனையும் கட்டினார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. 2014 மார்ச் நிலவரப்படி, இந்தக் கிராண்ட் வாங்கிய 1,12,000-க்கும் மேற்பட்டவர்களில் சுமார் 36,000 பேருக்குக் கிராண்ட் கடனாகியிருந்தது என்று மத்திய அரசின் தணிக்கை அமைப்பே 2015-ல் எழுதியது. 2018-ல் என்.பி.ஆர் வானொலி இந்தப் படிவக் கூத்தைத் தோண்டி எடுத்து ஒலிபரப்பிய பிறகுதான் கல்வித்துறை அசைந்தது, மறுபரிசீலனைக்கு வழி திறந்தார்கள், அதில்தான் எங்கள் கணக்கு டீச்சருக்கும் கடன் திரும்பக் கிராண்ட் ஆனது. விதிகளையும் 2021 ஜூலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு படிவம் தாமதமானது என்பதற்காக மட்டும் கடனாக்குவதில்லை, எட்டு ஆண்டில் நான்கை முடிக்கவே முடியாது என்ற நிலை வந்தால்தான் மாற்றுவார்கள். ஆகவே இணையத்தில் நீங்கள் படிக்கப்போகும் பயங்கரக் கதைகளில் பாதி பழைய விதிக் காலத்தவை. இருந்தாலும் தேதிக் கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் மகளை, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

கணவரிடம் சொல்ல ஒரு வாதம் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். மோசமாகப் போனாலும் இது சாதாரணக் கல்விக் கடனாகத்தானே ஆகும், அந்தக் கடனை எப்படியும் வாங்கத்தானே போகிறோம் என்று அவர் கேட்கலாம். வாதம் பாதி சரி. ஆனால் கடன் என்று தெரிந்தால் மனிதர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள், கோடை வேலையில் சம்பாதித்ததை அதில் கட்டுவார்கள். கிராண்ட் என்று நினைத்துக்கொண்டு ஏழெட்டு வருடம் திரும்பியே பார்க்காமல் இருந்துவிட்டு ஒருநாள் பதினைந்தாயிரத்துக்குப் பில் வந்தால், அன்று அவளுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது ஆகியிருக்கும், சம்பளமோ ஆசிரியர் சம்பளம்.

என் ஆலோசனை: இந்த ஆண்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டும். வேண்டாம் என்றால் அடுத்த ஆண்டு கேட்க முடியாது என்றெல்லாம் இல்லை, ஜி.பி.ஏ 3.25-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மறுபடி வாங்கலாம். அதற்கு முன் கல்லூரியில் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில், எழுத்தில் கேளுங்கள்: வட கரோலினாவுக்கான இந்த ஆண்டுப் பற்றாக்குறைப் பட்டியலில் தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியர் இருக்கிறாரா? இருந்தால் என் பதிலே மாறும், ஏனென்றால் கிராண்ட் வாங்கும் காலத்தில் பட்டியலில் இருந்த பாடம் பிறகு நீக்கப்பட்டாலும் அவளுக்குச் செல்லும். அப்படியானால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

இல்லை என்று பதில் வந்தால், வரும் செமஸ்டரில் அவள் ஏதாவது ஒரு பள்ளியில் இ.எஸ்.எல் வகுப்பிலோ சிறப்புக் கல்வி வகுப்பிலோ போய் உட்காரட்டும், கேட்டால் கல்லூரியே ஏற்பாடு செய்யும். உங்கள் மாநிலத்தில் சிறப்புக் கல்வியை ‘எக்ஸெப்ஷனல் சில்ட்ரன்’ என்பார்கள், இ.சி. டீச்சர் என்றால் பள்ளியில் எல்லாருக்கும் புரியும். அவள் ஆசைப்படும் அதே சின்னப் பிள்ளைகள்தான் அங்கேயும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவளுக்கு இ.எஸ்.எல் வகுப்புப் பிள்ளைகளின் திண்டாட்டம் பாடப்புத்தகம் இல்லாமலேயே புரியும், எனக்கென்னவோ அவளுக்கு அது ஒத்துவரும் என்று தோன்றுகிறது, ஆனால் நான் அவளைப் பார்த்ததில்லை. பிடித்துப்போய் அந்த லைசென்ஸுக்கான படிப்பில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் 7,544 டாலரை யோசிக்காமல் வாங்கட்டும், எப்படியும் பார்க்கப்போகிற வேலைதான். அப்போதும் வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதத்தில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைசென்ஸ் இ.எஸ்.எல்லில் இருக்கும், ஆள் இல்லை என்று தலைமையாசிரியர் பொது இரண்டாம் வகுப்பில் நிறுத்திவிடுவார், அந்த ஆண்டு கணக்கில் சேராது.

பிடிக்கவில்லை, எனக்கு வகுப்பாசிரியர் வேலைதான் வேண்டும் என்று அவள் திரும்பி வந்தால் விட்டுவிடுங்கள். 3,772 டாலருக்காக யாரும் நான்கு வருடம் பிடிக்காத வகுப்பில் நிற்கக் கூடாது, அந்தப் பிள்ளைகளுக்கும் அது நல்லதில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியது அந்த மின்னஞ்சலும் கல்லூரித் தளத்தில் டீச் கிராண்ட் வரிக்கு எதிரே இருக்கும் ‘டிக்லைன்’ பொத்தானும்தான். சில கல்லூரிகளில் மொத்தமாக ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், கணவரை அதன் பக்கம் விடாதீர்கள். எது என்றாலும் கடவுச்சொல் மகளுடையது, பொத்தானை அவளே அழுத்தட்டும்.